கையில் கயிறு, கழுத்தில் இல்லை: சென்னையில் நாய் வளர்ப்பும் அபராதமும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடிக்காரர்கள் ஒரு லாப்ரடாரும் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டும் வளர்க்கிறார்கள். காலையில் கயிறு இல்லாமல் படியில் இறக்கிவிடுவார்கள். கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாது" என்று பதில் வரும். போன மாதம் லாப்ரடார் குதித்துக்கொண்டு இறங்கி வந்ததில், கேள்வி கேட்டவருடைய 71 வயது அம்மா படியில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. நாய் கடிக்கவில்லை. இதற்கு அபராதம் உண்டா, யார் போடுவார்கள், அசோசியேஷனே போடலாமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "எங்கள் வீட்டிலும் ஒரு நாட்டு நாய் இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கவில்லை. புகார் கொடுத்தால் முதலில் எங்கள் மேலேயே அபராதம் விழுமா?"

அந்தக் கடைசி வரியை மறைக்காமல் எழுதினீர்களே, அதனாலேயே விரிவாகப் பதில் சொல்லத் தோன்றியது. நான் கால்நடை மருத்துவர். இருபத்தாறு வருடமாக இதே ஊரில் நாய்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு வருடம் எங்கள் குடியிருப்பில் செயலாளராகவும் இருந்தேன். அதனால் இந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் அம்மா. கடிக்கவில்லை என்கிறீர்கள். ஆனாலும் கை, முழங்கை, கால் எல்லாம் நன்றாகப் பார்த்தீர்களா? நகம் பட்ட சின்னக் கீறல் இருந்து, ரத்தம் கசியவில்லை என்றாலும் அது மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். அந்த நாய்க்கு இந்த வருடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்றிதழைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை. இனி யாருக்காவது பல்லோ நகமோ பட்டால், மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி அங்கே இலவசம். தோலில் போடுகிற முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு தடவை போக வேண்டும். இரண்டாவது ஊசியோடு நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நின்றுவிடாதீர்கள்.

சரி, அபராதம்.

சென்னையில் வீட்டு நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும் என்பது புதிது இல்லை. ஆண்டுக்கு 50 ரூபாய்தான். பல வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவலாளியாக இருந்தவரின் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறின. அந்தச் செய்தி வந்த வாரத்தில்தான் ஊர் முழுக்க லைசென்ஸ் லைசென்ஸ் என்று பேச ஆரம்பித்தது. என் கிளினிக்கில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டு அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தக் குழந்தை தலையில் பட்ட காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தபோது, இங்கே வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் "போன வருஷம் போட்ட ஊசி எங்க சீட்டு?" என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

2025 ஆகஸ்ட்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் கடித்து 55 வயதுக்காரர் ஒருவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு மாநகராட்சி இறுக்கிப் பிடித்தது. உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 ரூபாய், பொது இடத்தில் கயிறு இல்லாமல் கூட்டிவந்தால் 500 ரூபாய் என்று அறிவித்தார்கள். நவம்பர் 24 என்று முதலில் வைத்த கெடு தள்ளிப்போய், டிசம்பர் நடுவில்தான் முடிந்தது. அதே டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனி புது உரிமம் கிடையாது, மீறி வாங்கி வளர்த்தால் 1 லட்சம் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஏற்கெனவே உரிமத்தோடு இருப்பவை இருக்கலாம், வெளியே வந்தால் கயிறும் வாய்மூடியும் வேண்டும்.

ஆக, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கயிறில்லாமல் தெருவுக்கு வந்தால் 500 ரூபாய். உரிமமும் எடுக்கவில்லை என்றால் ஒரு நாய்க்கு 5,000. இதைக் கேட்டதும் "இவ்வளவுதானா? எங்கம்மாவுக்கு மருத்துவமனைச் செலவே எழுபதாயிரம் ஆச்சே!" என்று உங்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டியதுதான். ஏனென்றால் இந்த அபராதம் உங்களுக்காக வாங்குவது இல்லை. மாநகராட்சி வாங்கி மாநகராட்சிக் கணக்கில் கட்டுவது. அடிபட்டவருக்கு அதில் ஒரு பைசா வராது. அபராதம் ஒன்று, இழப்பீடு வேறொன்று, குற்ற வழக்கு மூன்றாவது. நம் ஊரில் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பாதிச் சண்டை எங்கேயும் போய்ச் சேராமல் வாட்ஸ்அப் குழுவிலேயே செத்துப்போகிறது.

குற்ற வழக்கைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் கனமானது அதுதான். இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ ஏற்படக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அஜாக்கிரதையாகவோ செய்யாமல் விடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 289ஆம் பிரிவு. அப்போது அபராதம் 1,000 ரூபாய் வரைதான். கடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. முன்னெச்சரிக்கை எடுக்காததே குற்றம். "எங்க நாய் யாரையும் கடிச்சதே இல்லையே" என்பது அதற்கு முழுப் பதில் ஆகாது.

இன்னொன்று. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். அதே சன்ஹிதாவின் 116ஆம் பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. அடுத்தவர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைக்கும் அஜாக்கிரதையான செயலால் கொடுங்காயம் ஏற்பட்டால், 125ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. எந்தப் பிரிவைச் சேர்ப்பது என்பதைக் காவல் நிலையமும் பிறகு நீதிமன்றமும் முடிவு செய்யும். உங்கள் கையில் இருக்க வேண்டியவை: அம்மாவுக்குக் கட்டுப்போட்ட மருத்துவமனையின் விபத்துக் குறிப்பு, எக்ஸ்ரே, பில்கள், அன்றைய படிக்கட்டு கேமராப் பதிவு. கேமராப் பதிவை இன்றே எடுத்து வையுங்கள். பெரும்பாலான குடியிருப்புகளில் இரண்டு மூன்று வாரத்தில் பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். போன மாதம் நடந்தது என்கிறீர்கள், ஒருவேளை இப்போதே தாமதமாகியிருக்கும். அப்படியானால் அன்றைக்குப் பார்த்த வாட்ச்மேன், பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா யாராக இருந்தாலும் தேதி, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். செலவைத் திரும்பக் கேட்கும் உரிமை வழக்கில் மட்டும்தான் வரும் என்று இல்லை. வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் போனாலே பலர் பேச உட்காருவார்கள்.

அசோசியேஷன் அபராதம் போடலாமா? ஆசை இருக்கும். எனக்கும் இருந்தது. செயலாளராக இருந்தபோது "கயிறில்லாமல் வந்தால் 1,000 ரூபாய்" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி எல்லாரும் என்னை நெருக்கினார்கள். நான் ஒட்டவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் சங்கங்களுக்கு நாய் வளர்ப்பதைத் தடைசெய்யவோ, லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று சொல்லவோ, தனிக் கட்டணமும் அபராதமும் வசூலிக்கவோ அதிகாரம் இல்லை என்கிறது. பொது இடங்களில் கயிற்றோடு கூட்டிவாருங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அஜாக்கிரதைக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு என்று நினைவூட்டலாம். கேட்டுக்கொள்வதால் என்ன ஆகும் என்று நினைப்பீர்கள். எழுத்தில் கேட்டுக்கொண்டால் நிறைய ஆகும். "இன்ன தேதியில் சங்கம் எழுத்து மூலம் கேட்டது, அதன் பிறகும் கயிறில்லாமல் விட்டார்" என்பது நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் அஜாக்கிரதைக்கு நல்ல சாட்சி. அந்த 1,000 ரூபாயை வசூலித்திருந்தால், பணம் கட்டியாயிற்று, கணக்கு முடிந்தது என்று போயிருப்பார்கள்.

இப்போது அந்த 500 ரூபாய்க்கு வருகிறேன். அதை யார் வந்து எழுதுவது? காலை ஐந்தே முக்காலுக்கு ஒருவர் நாயோடு இறங்குகிறார். எட்டு நிமிடத்தில் தெருமுனை வரை போய்த் திரும்பிவிடுகிறார். அந்த எட்டு நிமிடத்தில், அந்தத் தெருவில், ரசீதுப் புத்தகத்தோடு ஒரு அதிகாரி நிற்க வேண்டும். நின்றாலும், "உங்கள் பேர் என்ன, வீட்டு எண் என்ன?" என்றால் மனிதர் உண்மையைச் சொல்ல வேண்டும். உலகத்தில் எந்த ஊரிலும் நாய்க்கயிற்றுச் சட்டம் இங்கேதான் தடுக்கி விழுகிறது. அபராதத்தை இரண்டு மடங்கு ஆக்கினாலும் இந்த எட்டு நிமிடம் அப்படியே இருக்கும்.

நியூயார்க்கில் 1978 ஆகஸ்ட் 1 முதல், நாய் போன மலத்தை வளர்ப்பவரே எடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்தது. அப்போது மேயர் எட் கோச். இன்றைக்கு அதற்கு 250 டாலர் அபராதம். சீட்டு எழுதப்பட்டது கொஞ்சம்தான். ஆனால் நடைபாதையில் பக்கத்தில் நடந்தவர்கள் நின்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "எடுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்ல, சட்டம் அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. சில வருடங்களில் கையில் பை இல்லாமல் நாயோடு போவது வெட்கக்கேடு ஆகிவிட்டது. அதே ஊரில் கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அதோடு குறிப்பிட்ட பூங்காக்களில் காலை 6 முதல் 9 வரையும், இரவு 9 முதல் 1 வரையும் நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடலாம். உரிமமும் தடுப்பூசியும் இருக்க வேண்டும். சுமார் இருபது வருடம் வாய்வழக்காக இருந்த அந்த ஏற்பாட்டை எதிர்த்து ஒரு குடிமக்கள் சங்கம் வழக்குப் போட்ட பிறகு, 2007இல் விதியாகவே எழுதிவிட்டார்கள். மற்ற நேரத்தில் கயிறு கட்டு என்று சொல்வதற்கு முன்னால், அவிழ்த்துவிட ஒரு இடமும் நேரமும் கொடுத்தார்கள். இதுதான் நமக்கு இல்லை. ஹைதராபாத்தில் கொண்டாப்பூரில் மாநகராட்சியே 2018இல் நாய்ப் பூங்கா திறந்தது. என் பகுதியில் அப்படி வேலி போட்ட ஒரு நிலம் கிடைத்தால், இந்தச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். ஓடித் திரிய வேண்டிய லாப்ரடாரை அறுநூறு சதுர அடியில் வைத்துவிட்டு, படிக்கட்டில் அது நடந்து இறங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

நொய்டா வேறு வழியில் போனது. 2022 நவம்பரில் அங்கே, நாய் கடித்தால் வளர்ப்பவருக்கு 10,000 ரூபாய் அபராதம், கடிபட்டவரின் சிகிச்சைச் செலவும் அவர் தலையில் என்று கொள்கை வகுத்தார்கள். அந்தச் சிகிச்சைச் செலவு என்ற பகுதி எனக்குப் பிடித்தது. நம் மாநகராட்சியும் அதை எடுத்துக்கொள்ளலாம். அபராதத்துக்கும் அடிபட்டவருக்கும் நடுவில் ஒரு பாலம் வரும்.

அந்த எட்டு நிமிடப் பிரச்சினைக்குத் தீர்வு ரசீதுப் புத்தகத்தில் இல்லை என்றால் வேறெங்கே? என் அனுபவத்தில், நாயையும் ஆளையும் சேர்த்துக் காட்டும் பதிவில். மைக்ரோசிப் கட்டாயம் என்றதும் பலருக்குப் பயம். "டாக்டர், சிப் போட்டா நாய் எங்க போகுதுன்னு தெரியுமாமே?" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். தெரியாது. அது ஜிபிஎஸ் இல்லை. அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பி, உள்ளே 15 இலக்க எண், பேட்டரி கிடையாது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவோம். கருவியைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் எண் திரையில் வரும். தடுப்பூசியைவிட ஊசி கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். சில நாய்கள் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த எண் உங்கள் பெயரிலும் முகவரியிலும் போய் உட்கார்ந்துவிட்டால், "அது எங்க நாயே இல்ல சார், எப்பவாவது சோறு போடுவோம்" என்ற பேச்சு செல்லாது. ஆயிரம் விளக்கில் நடந்தது போல ஒன்று நடக்கும்போது யார் வீட்டு நாய், ஊசி போட்டதா என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். தீபாவளி வெடிக்குப் பயந்து கதவைத் தாண்டி ஓடிய நாய் வீடு திரும்பவும் அதே எண்தான் உதவும். அப்படி ஓடியவற்றில் திரும்பி வராதவைதான் அதிகம், ஒவ்வொரு வருடமும் அந்த வாரம் எனக்கு மிகக் கொடுமையான வாரம்.

கயிறு அடுத்தவருக்காக என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் நாய்க்காக. நான்கு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை இரவு ஒருவர் தன் நாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். இரண்டரை வயது லாப்ரடார். எதிர்ப்பக்கம் ஒரு பூனையைப் பார்த்து ரோட்டைக் கடந்திருக்கிறது, ஆட்டோ மோதிவிட்டது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, மூத்திரப்பை கிழிந்திருந்தது. மேசையில் கிடத்தும்போதுதான் கவனித்தேன், அவர் வலது மணிக்கட்டில் நீல நிறக் கயிறு அழகாக மடித்துச் சுற்றியிருந்தது. கயிறு கையில் இருந்தது, நாய் கழுத்தில் இல்லை. வாங்கியிருக்கிறார், எடுத்தும் வந்திருக்கிறார், "தெருமுனை வந்ததும் போட்டுக்கலாம்" என்று நடந்திருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு அந்த நாய் இறந்தது. அவர் போகும்போது கயிற்றை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். திரும்ப வாங்கிக்கொள்ள வரவில்லை. அந்தக் கயிறு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. "எங்க நாய் சொன்னா கேட்கும் டாக்டர்" என்பவர்களுக்கு நான் அதைக் காட்டுவதுண்டு. அந்த நாயும் சொன்னால் கேட்கிற நாய்தான், அதற்குப் பயிற்சி கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

கயிறு எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நாலடி முதல் ஆறடி, நைலான் பட்டையோ பருத்திப் பட்டையோ போதும். இழுக்க இழுக்க நீளும் உருளைக் கயிறு நெரிசலான ஊருக்கு ஆகாது. பொத்தானை அழுத்துவதற்குள் நாய் பதினைந்தடி போயிருக்கும், அந்த மெல்லிய நாடா விரலை அறுத்ததையும் பார்த்திருக்கிறேன். கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும், மூன்று விரல் போனால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். கைப்பிடி வளையத்தில் கட்டைவிரலை விட்டு, கயிற்றை உள்ளங்கையில் பிடியுங்கள். வளையத்தை மணிக்கட்டில் மாட்டி விட்டால் பெரிய நாய் இழுக்கும்போது நீங்கள்தான் கீழே விழுவீர்கள். வீட்டில் யாரால் அந்த நாயை இழுத்து நிறுத்த முடியுமோ அவர் மட்டுமே வெளியே கூட்டிப்போக வேண்டும். முப்பத்தைந்து கிலோ ஷெப்பர்டை எட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவது, கயிறு கட்டியிருந்தாலும், கயிறு கட்டாததற்குச் சமம்.

வாய்மூடி விஷயத்தில் கவனம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் துணிப் பட்டை வாயை இறுக்கி மூடிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சென்னை மே மாதத்தில் துணி வாய்மூடி போட்டு அரை மணி நேரம் நடத்தினால் நாய் சுருண்டு விழுந்துவிடும், விழுந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கூண்டு மாதிரி இருக்கும் வகையை வாங்குங்கள், உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியும். வீட்டிலேயே ஒரு வாரம் பிஸ்கட் வைத்துப் பழக்கிய பிறகு வெளியே போடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. பக்கத்து வீட்டில் இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து பால்கனியில் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டால் அதுவும் குற்றம். 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமில்லாத நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதையும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவைக்காமல் விடுவதையும் தனித்தனியாகக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு மேலாக அந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பு அப்படியே கிடக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம். கட்டிப்போட்டு வளர்த்த நாய்தான் கயிறு அறுந்த அன்றைக்கு முதலில் எதிரே வருபவர் மேல் பாய்கிறது. பூங்காவில் குழந்தையைக் கடித்த நாய்களுக்காகக் கண்ணீர் விடச் சொல்லவில்லை. ஆனால் இனத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிட்புல், ராட்வைலர் இந்த ஊர் ப்ளாட்டுகளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்தும். அதற்காக லாப்ரடார்காரர் "தடை பட்டியலில் நாங்கள் இல்லை" என்று கயிற்றைச் சுருட்டி வைக்கலாம் என்றாகாது. உங்கள் அம்மாவைத் தள்ளியது எந்தப் பட்டியலிலும் இல்லாத நாய்.

"தெருநாய் சூழ்ந்தால் கயிற்றில் கட்டிய நாய் என்ன செய்யும்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அது நியாயமான கேள்வி. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். கயிற்றோடு போகும்போது அவை குரைத்துக்கொண்டு வரும். ஓடாதீர்கள். நாயைக் காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், மெல்லப் பக்கவாட்டில் நகருங்கள். தினமும் ஒரே நேரம் ஒரே வழி போனால் இரண்டு வாரத்தில் அந்தத் தெருநாய்களுக்குப் பழகிவிடும். அவிழ்த்துவிட்டால் சண்டை நிச்சயம், அதில் பிய்ந்துபோகும் காதுகளைத் தைப்பது நான்.

கடைசியாக நீங்கள் என்ன செய்ய வேண்டும். புகாருக்கு முன்னால் உங்கள் நாட்டு நாய்க்கு உரிமம் எடுங்கள். ஆமாம், உரிமம் இல்லாமல் இருந்தால் உங்களுக்கும் அந்த 5,000 பொருந்தும், நாட்டு நாய் என்று விலக்கு இல்லை. தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கி, மைக்ரோசிப் போட்டு, முகவரிச் சான்று, உங்கள் புகைப்படம், நாயின் புகைப்படத்தோடு மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். புளியந்தோப்பு, திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் போன்ற இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. நாயைக் கழுத்துப்பட்டையோடும் கயிற்றோடும் கூட்டிப்போங்கள், அங்கே நாலைந்து நாய்கள் காத்திருக்கும்.

அப்புறம், மூன்றாம் மாடிக்கு நேரில் போங்கள். குழுவில் எழுதாதீர்கள். எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காலை ஐந்தரை முதல் ஆறரை வரை அவர்கள் இறங்குவார்கள், கதவு தாண்டும் முன் கயிறு போடுவார்கள், படியில் எதிரே ஆள் வந்தால் திருப்பத்தில் நாயை உட்காரவைத்து வழிவிடுவார்கள் என்று மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள். சம்மதித்தால் அதை எழுத்தில் சங்கத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மருத்துவச் செலவையும் அப்போதே பேசிவிடுங்கள், தயங்க வேண்டாம். மறுத்தால் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம், பிறகு 1913 என்ற தொலைபேசி எண்ணில் மாநகராட்சிக்குப் புகார். புகார் எண்ணை எழுதி வையுங்கள். தேதி, நேரம், கேமராப் படம், ப்ளாட் எண் நான்கும் இருந்தால் அதிகாரி காலை ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்க வேண்டியதில்லை. உரிமம் இருக்கிறதா என்று பகலில் வந்து கதவைத் தட்டினாலே போதும். எலும்பு முறிவுக்கு 291ஐச் சுட்டிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இது பிணையில் விடக்கூடிய குற்றம்தான், யாரையும் ஜெயிலில் தள்ளப்போகிறோமே என்று அம்மா தயங்கினால் அதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. கட்டுப் பிரித்த பிறகும் அவர் படியிறங்கத் தயங்குவார், உங்கள் நாட்டு நாய் பக்கத்தில் வந்தால்கூட விலகுவார். கொஞ்ச நாள் அதை அவர் இருக்கும் அறைக்குள் விடாதீர்கள். அவராகக் கூப்பிடும் நாள் வரும். அதுவரை வீட்டுக்குள்ளேயும் அதற்குக் கயிறு போட்டு, அவர் கண்ணெதிரே நீங்கள் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.